லைன் போட்டவனா, சிப் விற்றவனா? 1999-இன் பிராட்பேண்ட் பங்குகள்

1999-இல் கலிஃபோர்னியாவில் நம்மாட்கள் மதியச் சாப்பாட்டில் பேசியது இரண்டே விஷயம்: கிரீன் கார்டு, பங்குச்சந்தை. பிராட்பேண்ட் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்தச் சின்னக் கம்பெனியில் பணம் போடுவது என்பதில்தான் வாக்குவாதம்.

ஒரு கட்சி, ஃபோன் கம்பியிலேயே வேகமான இணையம் தரும் டிஎஸ்எல் கட்சி: கோவாட், நார்த்பாயிண்ட், ரிதம்ஸ். 1996 தொலைத்தொடர்புச் சட்டம் பழைய ஃபோன் கம்பெனிகளின் செப்புக் கம்பியை இவர்கள் வாடகைக்கு எடுக்க வழி திறந்துவிட்டது. இன்னொரு கட்சி, டிவி கேபிள் வழியே இணையம் தரும் கேபிள் மோடத்துக்கு சிப் செய்த பிராட்காம். நான் வாங்கியது பிராட்காம். ஆகவே இது நடுநிலை அலசல் இல்லை.

வேகம், தேவை, வளர்ச்சி இதிலெல்லாம் இரண்டு பக்கமும் சமம்தான். எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே கேள்வி: வாடிக்கையாளரின் முதல் டாலர் வருவதற்குள் கையைவிட்டு எவ்வளவு போகிறது?

டிஎஸ்எல்காரர் ஒவ்வொரு ஃபோன் எக்ஸ்சேஞ்சிலும் இடம் வாடகைக்குப் பிடித்து, கம்பிக் கூண்டு அடித்து, பல வீட்டு லைன்களை ஒன்றுசேர்க்கும் டிஎஸ்லாம் பெட்டியை வைக்க வேண்டும். வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 18,000 அடிக்குள் இல்லையென்றால் லைன் தேறாது. தேறினாலும் ஃபோன் கம்பெனி ஆள் வந்து ஜோடிக் கம்பியை ஒதுக்க வேண்டும், பிறகு டிஎஸ்எல் ஆள் வந்து மோடம் மாட்ட வேண்டும். எங்கள் அபார்ட்மெண்டில் முதலாமவர் தப்பான கம்பியில் சீட்டுக் கட்டிவிட்டுப் போனார். இரண்டாமவர் சுவரோரம் குந்தி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, 'மறுபடி அவங்கதான் வரணும்' என்று கிளம்பிவிட்டார். அந்த ஃபோன் கம்பெனியே அதே ஊரில் சொந்த டிஎஸ்எல்லும் விற்றுக்கொண்டிருந்தது! எதிர்க்கடைக்காரனிடம் அரிசி வாங்கி ஹோட்டல் நடத்துகிற கதை.

இவ்வளவும் கடன் பத்திரப் பணத்தில் நடந்தது. காலாண்டு அறிக்கையில் வருமானம் ஏறும்; வட்டியும் நஷ்டமும் அதைத் தாண்டி ஏறும். பத்திரம் வாங்க ஆள் இருக்கும்வரைதான் ஆட்டம். 2000 நவம்பரில் வெரைசன் என்ற பெரிய ஃபோன் கம்பெனி, நார்த்பாயிண்டுடன் போட்டிருந்த கம்பெனி இணைப்பு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2001 ஜனவரியில் நார்த்பாயிண்ட் திவால். அதன் சொத்துக்களை ஏடி அண்ட் டி வாங்கியது 13.5 கோடி டாலருக்கு, வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு. அந்த ஆகஸ்டில் ரிதம்ஸும் கோவாடும் திவால் மனு போட்டன. கோவாட் மட்டும் சுமார் 140 கோடி டாலர் பத்திரக் கடனைக் கழித்துவிட்டு டிசம்பரில் எழுந்து வந்தது.

பிராட்காமுக்கு எக்ஸ்சேஞ்சும் இல்லை, வேனும் இல்லை, சொந்த ஃபேக்டரிகூட இல்லை. வடிவமைப்பு இவர்களுடையது, சிப்பைச் செய்து கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி போன்ற வெளியார். 1997-இல் எல்லாக் கேபிள் மோடத்துக்கும் பொதுவான டாக்ஸிஸ் தரநிலை வந்த பிறகு மோடத்தை யார் விற்றாலும், எந்தக் கேபிள் கம்பெனி ஜெயித்தாலும், உள்ளே சிப் வேண்டுமே. 1998-இல் 20 கோடி டாலராக இருந்த விற்பனை 2000-இல் 100 கோடியைத் தாண்டியது. பெரிய கடன் கிடையாது.

இதற்காக பிராட்காம் வாங்கியவனெல்லாம் பங்களா கட்டினான் என்று நினைத்துவிட வேண்டாம். 2000 உச்சத்திலிருந்து 2002-க்குள் பங்கு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. பங்கை அச்சடித்து அச்சடித்து மற்ற கம்பெனிகளை வாங்கிக் குவித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கம்பெனி உயிரோடு இருந்தது. வைத்திருக்க ஒரு பங்காவது மிஞ்சியது. 2016-இல் அவாகோ என்ற இன்னொரு சிப் கம்பெனி அதை வாங்கியபோது விலை சுமார் 3,700 கோடி டாலர்.

கேபிள் மோடம் பக்கமே போனால் போதும் என்றும் இல்லை. கேபிள் மோடம் விற்ற டெரயான் தன் சொந்தத் தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது; சந்தை டாக்ஸிஸ் பின்னால் போய்விட்டது. 2007-இல் மோட்டரோலா அதை ஏறக்குறைய 14 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது.

வலைத்தளங்களின் பக்கங்களைத் தன் சர்வர்களிலிருந்து வேகமாகக் கொண்டுசேர்த்த அகாமாய் பற்றிக் கேட்பார்கள். 1999 அக்டோபரில் 26 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 145-இல் முடிந்தது, 2002-இல் ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. நான் அதை வைத்திருந்ததில்லை, சர்வர் வாடகைக் கணக்கும் எனக்குப் பழக்கமில்லை. அடிமட்டத்தில் வாங்கியவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். அந்த விலையில் வாங்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.