பந்தயக் குதிரைக்கு நன்கொடை கேட்டால் முதலில் அதன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சரணாலயத்தில் வைத்துப் பராமரிக்கிறோம், மாதம் 2,500 ரூபாய் கொடுத்து ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கோரிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. நாங்கள் கொடுத்தோம். என் நாத்தனார் வீட்டிலும் கொடுத்தார்கள். இரண்டு வீட்டில் கொடுத்ததால்தான் குட்டு உடைந்தது. அமைப்பின் பெயரை இங்கே போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது; தவிர, பெயரை மாற்றிக்கொள்ள இவர்களுக்கு ஒரு நாள் போதும். ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டி. 1945-ல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த 160 ஏக்கருக்குக் குத்தகை ரத்து, கேட்டுக்கு சீல். அப்போது பலரும் கேட்டது, அங்கே இருக்கும் குதிரைகளின் கதி என்ன என்றுதான். அந்தக் கேள்வியின் முதுகில் ஏறித்தான் இவர்கள் வந்தார்கள். "லாயங்களிலிருந்து மீட்ட குதிரைகள், இன்று தீவனத்துக்குக் காசில்லை" என்று செய்தி.

கேள்வி நியாயமானது, அதையும் சொல்ல வேண்டும். பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கிறது. ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலானவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ 25 வருடத்தைத் தாண்டும். நல்ல வம்சத்துப் பெட்டை என்றால் குட்டி போடப் பண்ணைக்குப் போகும். காயடித்த ஆண் குதிரை, அதிலும் முன்னங்கால் தசைநார் அறுந்தது என்றால் யார் வாங்குவார்கள்? கொடுத்துவைத்தது ரைடிங் ஸ்கூலுக்குப் போகும். என் மகள் குதிரையேற்றம் கற்பதே அப்படி வந்த ஒரு கிழட்டுக் குதிரையில்தான். அவள் பிறந்தநாளுக்குத்தான் இந்தத் தத்தெடுப்பு.

பணம் கட்டியதும் ஒரு சான்றிதழ் வந்தது. தங்க பார்டர் எல்லாம் போட்டு, நடுவில் செவலைக் குதிரையின் படம், கீழே "ராஜா, ஆண், வயது 9". மகள் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க லட்சுமி ஆச்சே!" என்றாள். போனை எடுத்துக் காட்டினாள். அதே தங்க பார்டர், அதே செவலை. "லட்சுமி, பெண், வயது 12".

ஒரே நிறத்தில் ரெண்டு குதிரை இருக்காதா என்று என் கணவர் கேட்டார். இருக்கலாம். ஆனால் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இடது நாசியை நோக்கிக் கோணலாக இறங்குவதும், பின்னங்கால்களில் வலது மட்டும் கணுக்கால் வரை வெள்ளையாக இருப்பதும், சுட்டிக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு சுழி இருப்பதும் ரெண்டு குதிரைக்கு அச்சாக அமையாது. நம் ஊரில் சுழி பார்த்துத்தான் குதிரை வாங்குவார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது ராசிக்கு. ஆனால் அடையாளத்துக்கும் இன்றுவரை சுழிதான். இந்தியாவில் பிறக்கும் ஒவ்வொரு பந்தயக் குதிரையும் புனேயில் உள்ள ஸ்டட் புக் ஆணையத்தில், அதாவது குதிரைகளின் வம்சப் பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகத்தில், பதிவாக வேண்டும். அதற்கென்று பாஸ்போர்ட் உண்டு. எங்கே சுழி, எங்கே வெள்ளை என்று அதில் படம் வரைந்து குறித்திருப்பார்கள். கழுத்தில் மைக்ரோசிப்பும் இருக்கும், ஸ்கேனரில் 15 இலக்க எண் காட்டும். ஆதார் வருவதற்கு வெகு காலம் முன்பே அடையாள அட்டை வாங்கிய ஜீவன் அது.

ஒரு குதிரைக்குப் பல பேர் பணம் கொடுப்பது தப்பே இல்லை. நாளுக்குப் பத்து கிலோவாவது தீனி வேண்டும். குதிரைமசால், புல், கொள்ளு, ஓட்ஸ் என்று போகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், வருடம் ஒருமுறை பல்லை அராவ வேண்டும், குடற்புழு மருந்து, டெட்டனஸ் ஊசி, சைஸ் என்கிற குதிரைப் பராமரிப்பாளருக்குச் சம்பளம். 2,500 ரூபாய் எந்த மூலைக்கு? நேர்மையான இடத்தில் "உங்களோடு இன்னும் நாலு பேர் இந்தக் குதிரைக்குக் கொடுக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவார்கள். இங்கே ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாலினம்.

போன் செய்து பாஸ்போர்ட் நகல் கேட்டேன். "ஓனர்கிட்ட இருக்கு மேடம்" என்றார் நிர்வாகி. ஓனர்தான் கொடுத்துவிட்டாரே, அப்புறம் பாஸ்போர்ட் மட்டும் எதற்கு அவரிடம்? பதில் இல்லை. நேரில் வந்து பார்க்கலாமா என்றால், கிளாண்டர்ஸ் நோய் பரவுகிறது, வெளியாட்களை விடுவதில்லை என்றார். கிளாண்டர்ஸ் உண்மையான நோய்தான், மனிதருக்கும் தொற்றும். அதனாலேயே வந்தால் கால்நடைத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்தக் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவித்தீர்கள் என்றேன். லைன் கட்.

சரி என்று கிளம்பிப் போனோம். வண்டலூரைத் தாண்டி ஒரு பண்ணை வீடு, பின்னால் தகரக் கொட்டகை. நிர்வாகி இல்லை, சைஸ் மட்டும் இருந்தார். வரிசையாகக் கட்டியிருந்த குதிரைகளின் காதைப் பார்த்ததுமே மகள் என் கையைக் கிள்ளினாள். காது நுனி உள்பக்கமாக வளைந்து ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி இருந்தது. அது மார்வாரிக் குதிரையின் காது. பந்தயத்தில் ஓடுகிற தரோபிரெட்டுக்குக் காது நேராக நிற்கும்.

"இதெல்லாம் ரேஸ்ல ஓடினதா அண்ணே?"

"ரேஸா? இது மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போற குதிரைம்மா. அந்தக் கடைசில நிக்குது பாருங்க செவலை, அது ஒண்ணுதான் கிண்டியில ஓடினது."

எங்கள் ராஜாவும் நாத்தனாரின் லட்சுமியும் ஒரே கயிற்றில் நின்றன. காயடித்த ஆண். விலா எலும்பை எண்ணலாம். முன்னங்குளம்பு சீவாமல் நீண்டு, ஓரம் பிளந்து, அடி வைக்கும்போதெல்லாம் தலை மேலே எழும்பியது. நொண்டும் குதிரை அப்படித்தான் தலையாட்டும். தொட்டியில் வெறும் வைக்கோல். வாட்ஸ்அப்பில் மாதா மாதம் வந்த கேரட் படங்கள் எங்கே எடுத்தவையோ. சைஸுக்கும் சம்பள பாக்கியாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் காசில் தவிடு வாங்கிப் போடுகிறார்.

பிறகு காகிதங்களைக் கிளறினோம். விலங்கு நல வாரியத்தின் திருவான்மியூர் தலைமை அலுவலகத்தில் "சென்ற ஆண்டு" பதிவு செய்ததாகக் கடிதத்தலைப்பில் அச்சடித்திருந்தார்கள். அந்தத் தலைமை அலுவலகம் 2018-லேயே ஹரியானாவுக்குப் போய்விட்டது. நன்கொடைக்கு வருமான வரியில் 80ஜி வரிவிலக்கு உண்டு என்றார்கள், ரசீதில் பதிவு எண் இல்லை. பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் 10பிஇ என்கிற நன்கொடைச் சான்றிதழ் தந்திருக்க வேண்டும், வரவே இல்லை. ரொக்கமாகக் கொடுத்தாலும் வரிவிலக்கு உண்டு என்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்தாயிரம் வாங்கியிருக்கிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு 80ஜி கிடையாது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வந்ததும் அறக்கட்டளை பெயர் இல்லை, ஒரு தனிநபர் பெயர்.

செவலையின் நிலையைப் படம் எடுத்துக் கால்நடைத் துறைக்கும் விலங்கு நல அமைப்பு ஒன்றுக்கும் அனுப்பினோம். அவர்கள் போனபோது கொட்டகையில் ஊர்வலக் குதிரைகள் மட்டும்தான் நின்றனவாம். பணமும் இன்னும் திரும்பவில்லை.

ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: முதல் தவணையிலேயே யுபிஐ ஆட்டோபே போடவைத்துவிடுகிறார்கள். குழுவிலிருந்து வெளியேறினாலும், நம்பரை பிளாக் செய்தாலும் மாதம் பிறந்ததும் பணம் போகும். 15,000 ரூபாய் வரை பின் நம்பர்கூடக் கேட்காது. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்ய வேண்டும். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி, அதோடு வங்கிக்கும் எழுதுங்கள். சான்றிதழைக் கிழித்துவிடாதீர்கள், காவல் ஆய்வாளர் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான். உங்களுடையதிலும் செவலைப் படம் இருந்தால் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.