லாயமாக இருந்த வீட்டில் நெடுநாள் வசித்தால் தெரிவது

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து லாயத்தை மாற்றிக் கட்டிய சிறு வீட்டில் முதல் வருடம் குறையே தெரியாது. தடித்த செங்கல் சுவரும், வைக்கோல் பரண் இருந்த இடத்தில் படுக்கையறையும் மனதை இழுத்துவிடும். பிறகுதான் கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரத்திட்டு தலைகாட்டும். மழையே இல்லாமல் காற்று ஈரமாக இருந்தாலும் வரும், வறண்ட நாளில் தானாக மறையும். இப்படி வந்து வந்து போனால் தரையிலிருந்து ஏறும் ஓதம் என்று முடிவுகட்டாதீர்கள்.

காரணம் அங்கே முதலில் குடியிருந்த குதிரைகள். சிறுநீரின் யூரியா அம்மோனியாவாகி, பாக்டீரியாவால் நைட்ரேட் உப்பாக மாறிச் செங்கல்லுக்குள் தங்கிவிடுகிறது. கால்சியம் நைட்ரேட், காற்றின் ஈரப்பதம் சுமார் 50 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுக்கும். சுவரில் முள் குத்திப் பார்க்கும் ஈரமானி உப்பையும் ஈரம் என்றே காட்டும். அதை நம்பிச் சுவரைத் துளைத்து ஓதம் தடுக்கும் ரசாயனம் ஏற்றினால் பணம்தான் கரையும், உப்பு அப்படியே இருக்கும். சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும், செங்கல்லின் முகமே பொரிந்து உதிரும்.

சரியான வழி, திட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் துடைத்து அள்ளிவிடுவது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே இறங்கிவிடும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு. அது உப்பை வாங்கிக்கொண்டு சில வருடங்களில் உதிரும், அதற்காகத்தான் பூசுகிறோம்; எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். உப்பு மிக அதிகமுள்ள சுவரென்றால் அதைத் தொடாமல், 25 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி விட்டு முன்னால் சட்டம் நிறுத்திப் பலகை அடிக்கலாம். மேலும் கீழும் காற்றுவழி அவசியம்.

குதிரை கட்டிய இரும்பு வளையம் சுவரில் இருந்தால் அதையும் பாருங்கள். துரு பருத்துச் செங்கல்லைப் பிளக்கும்.

தரையைத் தோண்டும் முன் யார் யார் குடியிருந்தார்கள் என்று தேடுவது வீண்வேலை அல்ல. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோச்மேன் (குதிரை வண்டி ஓட்டுபவர்) குடும்பமும், 1921இல் அதே முகவரியில் கார் ஓட்டுநரும் இருந்தால், இடையில் லாயம் கார் கொட்டகையாகியிருக்க நல்ல வாய்ப்புண்டு. அப்படியானால் தரைச் செங்கல்லில் எண்ணெய் ஊறியிருக்கலாம், அதன்மேல் தரை ஓடு ஒட்டும் பசை பிடிக்காது. 1911 படிவத்தில் அறைகளின் எண்ணிக்கையும் உண்டு. சமையலறை கணக்கில் சேரும், குளியலறை சேராது. 1931 கணக்கெடுப்பு 1942 தீவிபத்தில் அழிந்தது, 1941இல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு 29 செப்டம்பர் 1939 அன்று எடுத்த மக்கள் பதிவேடுதான் கைகொடுக்கும்.

தீவனத் தொட்டி, தடுப்புக் கம்பங்கள் எதையும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். லாயம் எந்தப் பெரிய வீட்டைச் சேர்ந்ததோ அந்த வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்து, லாயம் 1 ஜூலை 1948க்கு முன்பிருந்தே அதன் வளாகத்தில் நின்றிருந்தால், பட்டியலில் தனியாகப் பெயர் இல்லாவிட்டாலும் சட்டம் அதையும் சேர்த்தே காக்கக்கூடும். உள்ளூர் கவுன்சிலின் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.