'ஃப்ளை'யைத் தாண்டலாமா? 'ஓசிமாண்டியஸ்' மட்டும் போதுமா?

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. வேடிக்கை என்னவென்றால், அதன் இந்த இரண்டு எபிசோடையும் இயக்கியவர் ரையன் ஜான்சன்தான். எழுத்திலும் மொய்ரா வாலி-பெக்கெட்டுக்கு இரண்டிலும் பங்கு உண்டு.

செலவு
ஃப்ளை (2010): பட்ஜெட் இடித்ததால் ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆய்வகத்தில், இரண்டே நடிகர்களை வைத்து எடுத்தது.
ஓசிமாண்டியஸ் (2013): பாலைவனம், வீடு, தெரு என்று ஓடுகிறது.

ரசிகர்கள்
ஃப்ளை: ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் தொடரின் அடிமட்ட மதிப்பெண். "ஒரு ஈயைத் துரத்த ஒரு எபிசோடா?" என்ற எரிச்சல்தான் காரணம்.
ஓசிமாண்டியஸ்: பல ஆண்டுகள் அங்கே பத்துக்குப் பத்து.

விமர்சகர்கள்
ஓசிமாண்டியஸ்: ஏகோபித்த பாராட்டு, 2014இல் எழுத்துக்கான எம்மி விருது.
ஃப்ளை: இங்கேதான் சுவாரசியம். ரசிகர்கள் திட்டியதையே பல விமர்சகர்கள் கொண்டாடினார்கள். தூக்க மாத்திரை மயக்கத்தில் நாயகன் வால்ட் தன் குற்றத்தைக் கூட்டாளி ஜெஸ்ஸியிடம் கொட்டிவிடும் விளிம்புவரை போகிறான். அந்தப் பேச்சுக்காகவே, என்னைக் கேட்டால், மதிப்பெண் அநியாயம்.

தனியாகப் பார்க்க
ஃப்ளை: கதை தெரியாதவருக்கும் ஓரளவு புரியும்.
ஓசிமாண்டியஸ்: முன்கதை இல்லாமல் பார்த்தால் வீண்.

சரி, எது யாருக்கு? கதை சரசரவென நகர வேண்டும் என்பவர் 'ஃப்ளை'யைத் தாண்டலாம், சம்பவம் பெரிதாக எதுவும் விட்டுப்போகாது. நடிப்புக்காகப் பார்ப்பவர் தாண்டவே கூடாது. 'ஓசிமாண்டியஸ்' முழுத் தொடரையும் பார்த்து வருபவருக்கு மட்டும்.