கன்வர்ஜ் மதிப்புரை: பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றும் தீயும்

சிலிண்டருக்குள் காற்றோட்டத்தைக் கணக்கிடுவதில் அதிக நேரத்தை விழுங்குவது மெஷ்தான், அதாவது இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை. பிஸ்டன் நகர நகர, வால்வு திறக்கத் திறக்க அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கன்வர்ஜென்ட் சயின்ஸ் நிறுவனத்தின் கன்வர்ஜ் மென்பொருள் அந்தச் சுமையைத் தானே ஏற்கிறது. முக்கோணங்களால் ஆன மேற்பரப்பை மட்டும் கொடுத்தால் போதும். கனசதுரக் கட்டங்களை அதன்மேல் வெட்டி, கணக்கு ஓடும்போதே மெஷ் உருவாகிவிடும். இதற்காகவே இதை வாங்கலாம்.

மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். அதனால் வால்வை சீட்டில் (மூடும்போது அது அமரும் வளையத்தில்) முழுதாக உட்கார வைக்க முடியாது. சுமார் 0.2 மி.மீ. லிஃப்ட்டில் (சீட்டிலிருந்து எழும் உயரத்தில்) நிறுத்தி, அந்த கிராங்க் கோணத்தில் (கிராங்க் தண்டு சுழன்ற அளவில்) போர்ட்டையும் (வாயு வந்துபோகும் வழியையும்) சிலிண்டரையும் பிரித்துவிட வேண்டும். அதற்குக் கீழான லிஃப்ட்டில் நடக்கும் சிறு பாய்ச்சல் கணக்கில் வராது. உள்ளே சிக்கும் காற்றின் நிறையை அளவீட்டோடு ஒப்பிட இதுவும் ஒரு காரணம்.

கட்ட அளவைத் தானியங்கியிடம் விட்டுவிடாதீர்கள். அடிப்படை 4 மி.மீ. என்றால் நுணுக்கும் ஒவ்வொரு நிலையிலும் அது பாதியாகும்: சிலிண்டருக்குள் 1, தீமுகத்தில் 0.5, ஸ்பார்க் பிளக் இடைவெளியில் 0.125 மி.மீ. நல்ல தொடக்கம். அடிப்படையை 3 ஆக்கினால் எல்லாக் கட்டங்களும் சேர்ந்து சுருங்கும். எண்ணிக்கை சுமார் 2.4 மடங்காகும், நேரப்படியும் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னே நகரும் நேர அளவும்) குறுகும்.

எரிதலுக்கு இரண்டு வழிகள் முக்கியம். கன்வர்ஜின் சேஜ் தீர்வி ஒவ்வொரு கட்டத்திலும் வேதிவினைகளை நேரடியாகத் தீர்க்கிறது. கட்டம் பெரிதாக இருந்தால் தீமுகம் தடித்துப்போய் வேகம் தவறும். பிழை வேதியியலில் இருக்கிறது என்று தேடித் தேடி அலைய வேண்டிவரும். தீமுகத்தை ஒரு பரப்பாகப் பின்தொடரும் ஜி-சமன்பாடு மலிவானது, ஆனால் கொந்தளிப்புத் தீவேக மாறிலியை ஒவ்வொரு எஞ்சினுக்கும் சரிசெய்தாக வேண்டும். நாக் (தீ எட்டும் முன்பே வாயு தானாகப் பற்றிக்கொள்வது) பார்க்க வேண்டுமென்றால் தீ எட்டாத வாயுவில் விரிவான வேதியியல் கட்டாயம்.

ஸ்பார்க்கை இரண்டு ஆற்றல் ஊற்றுகளாகக் கொடுப்பது வழக்கம்: 0.5 கிராங்க் டிகிரிக்குள் 20 மில்லிஜூல், பிறகு 10 டிகிரி வரை இன்னொரு 20. அழுத்த வளைவு பொருந்தவில்லை என்று இந்த எண்களைத் திருகுவது மிகப் பெரிய தவறு. முதலில் எரிதலே இல்லாமல் ஓட்டி, அமுக்க அழுத்தத்தைப் பொருத்துங்கள். அது பொருந்தாவிட்டால் அமுக்க விகிதம், பிஸ்டன் மேல்வளையத்துக்கு மேலுள்ள இடுக்கு, அளவீட்டில் மேல் உச்சநிலையின் (பிஸ்டன் மிக மேலே இருக்கும் நிலையின்) கோணம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இடுக்கை விட்டுவிட்டால் அமுக்க விகிதம் கூடிவிடும். முதல் சுழற்சியின் முடிவை எப்போதும் ஒதுக்கிவிடுங்கள். தொடக்க ஊகங்கள் அதில் ஒட்டியிருக்கும்.

குறைகளும் உண்டு. வெட்டிய கட்டங்கள் சுவரோடு இணையாக அமையாததால், சுவர் வெப்ப இழப்பு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் சுவர் மாதிரியைப் (சுவரருகே ஓட்டத்தைத் தோராயமாகக் கணக்கிடும் சூத்திரத்தைப்) பெரிதும் நம்பியிருக்கிறது. கொந்தளிப்பைச் சராசரியாக எடுக்கும் மாதிரியில் சுழற்சிக்குச் சுழற்சி மாறும் தன்மையும் நம்பும்படி வராது. அதற்குப் பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் பெருஞ்சுழல் முறையில் பல சுழற்சிகளை ஓட்ட வேண்டும். கணினிச் செலவு எங்கேயோ போய்விடும்.

உரிமம் வாங்க வழியில்லாதவர்களுக்கு ஓப்பன்ஃபோம் என்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. எரிபொருளும் காற்றும் முன்பே கலந்த எரிதலுக்கான தீர்வி அதில் இலவசம். நகரும் வால்வுகளுக்கான மெஷ் உழைப்பு மட்டும் உங்கள் தலையில் விழும். மூடிய வால்வோடு அமுக்கத்தையும் எரிதலையும் மட்டும் படிப்பவருக்கு அதுவே போதும்.