மூச்சு வாங்கும் பூனைக்கு டிரிப் ஏற்றுவதற்கு முன்: பெங்களூரில் பூனை வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டுச் சுப்பு ஏழு வயது நாட்டுப் பூனை, எடை 4.2 கிலோ. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அவன் சாப்பாட்டைத் தொடாமல், கட்டிலுக்கு அடியில் முன்னங்கால்களை அகட்டிக் கழுத்தை நீட்டிக் குந்தியிருந்தான். "நாய்க்கு மூச்சு இளைக்கும், பூனைக்கு எங்கேயாவது இப்படி மூச்சு இளைக்குமா? உடனே தூக்கிக்கொண்டு போ" என்று அம்மா சொன்னார். நான் அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்து, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பதாகப் பலகை வைத்திருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குச் சென்றேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

பத்து நிமிடத்திற்குள் ஆஸ்துமா என்றும், உடலில் நீர்ச்சத்துக் குறைந்திருக்கிறது என்றும் முடிவு செய்தார்கள். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு, காலில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார்கள். எக்ஸ்ரே எந்திரம் பக்கத்து அறையிலேயே இருந்ததால், படம் எடுக்க வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டேன். "இது ரொம்ப சாதாரணம் சார்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக்சிஜன்கூட வைக்காமல் ஒன்றரை மணி நேரம் கூண்டில் கிடத்தியதற்கு 'ஐசியூ கட்டணம்' உட்பட 6,800 ரூபாய் வாங்கினார்கள்.

அன்றிரவு இரண்டு மணிக்குச் சுப்பு வாயைத் திறந்து மூச்சுவிட்டான். நாக்கு நீலம் பாரித்திருந்தது. வேறொரு மருத்துவமனையில் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆக்சிஜன் வைத்து, மார்பில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரை ஊசியால் 140 மில்லி எடுத்தார்கள். கீழே வைத்திருந்த எஃகுக் கிண்ணத்தில் அது வெளிறிய சாத்துக்குடிச் சாறு போல நிறைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருப்பதும் இடது மேலறை வீங்கியிருப்பதும் தெரிந்தன. பூனைகளுக்கு மிகுதியாக வரும் இதய நோய் இதுதானாம். தடித்து விறைத்த தசை தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாதபோது, அழுத்தம் பின்னோக்கி மேலறைக்கும் நுரையீரலுக்கும் ஏறி நீர் கசிகிறது. அந்த நிலையில் நரம்பு வழியாக மேலும் நீரை ஏற்றுவது நிரம்பி வழியும் தொட்டிக்குக் குழாயைத் திறந்துவிடுவதற்குச் சமம். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியும் மறைந்திருக்கும் இதய நோயைச் சில பூனைகளுக்கு வெளிக்கிளப்பிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இருமினானா?" என்பது. ஆஸ்துமா உள்ள பூனை பெரும்பாலும் இருமும். இதயம் பலவீனமான நாய் இருமுவதுண்டு, ஆனால் பூனை இருமுவது அரிது. சுப்பு ஒருமுறைகூட இருமியதில்லை, முதல் கிளினிக்கில் அதை யாரும் கேட்கவும் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நோயுள்ள எல்லாப் பூனைகளுக்கும் ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பு (இதயத் துடிப்போடு சேர்ந்து வரும் கூடுதல் ஒலி) கேட்காது. ஆகையால் நோயைக் கண்டுபிடிக்கவில்லை என்பது என் புகாரல்ல. மூச்சுத் திணறும் பூனையின் மார்பைப் பார்க்காமலேயே டிரிப் ஏற்றியதும், அதன்பின் நடந்துகொண்ட விதமும்தான் என் புகார். சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு மூன்று முறை நடந்தேன். கடைசியில் கிடைத்த தாளில் 'ஊசி, ஃப்ளூயிட்' என்று இருந்ததே தவிர மருந்தின் பெயரோ, அளவோ, மருத்துவரின் பதிவு எண்ணோ இல்லை. புகார் ஏதுமில்லை என்று கையெழுத்திட்டால் 2,000 ரூபாய் திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள். நான் கையெழுத்திடவில்லை, எல்லாவற்றையும் நகலெடுத்து மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பியிருக்கிறேன். ஊசி போடும்போதே மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், பிறகு கிடைக்காது.

இப்போது நீர் இறக்கும் மருந்தான ஃபுரோசிமைடு 40 மில்லிகிராம் மாத்திரையை எட்டாகப் பிளந்து, காலையும் மாலையும் ஒரு துண்டு தருகிறோம். பிளப்பதற்குள் பாதி பொடியாகிவிடுகிறது. ரத்தக்கட்டைத் தடுக்க, 75 மில்லிகிராம் குளோபிடோக்ரெலில் கால் பங்கு. அதன் கசப்புக்கு முதல் நாள் வாயெல்லாம் நுரை தள்ளியது. இப்போது காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போட்டு விழுங்க வைக்கிறோம். இவை சுப்புவுக்காக மருத்துவர் கணக்கிட்ட அளவுகள். நீங்களாகக் கொடுத்துவிட வேண்டாம். நீர் இறக்கும் மருந்து சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனையும் செய்தோம்.

எந்தச் செலவும் இல்லாத சோதனை ஒன்று உண்டு. பூனை அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்றாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முப்பதைத் தாண்டி, சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணியும் குறையாவிட்டால், மருத்துவரை அழைக்க வேண்டும்; வாயைத் திறந்து மூச்சுவிட்டால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும். அம்மா தினமும் எண்ணிப் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்து வைக்கிறார். நேற்றிரவு எண்ணிக்கை 24.