ஆசரிப்புக் கூடார மாடல் செட்: எல்லாம் சரி, திரைதான் தலைகீழ்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்காக, இந்த வருஷம் எங்கள் சண்டே ஸ்கூலுக்கு ஆசரிப்புக் கூடார மாடல் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மோசேயின் காலத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுதுகொண்ட கூடாரம்தான் அது. விலை 3,200 ரூபாய், டெலிவரி தனி. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே பெட்டியை மூன்று நான்கு பேர் வேறு வேறு பெயரில் விற்கிறார்கள், யார் செய்தது என்று எனக்கே தெரியாது. நான் பாளையங்கோட்டையில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சர். அதனால் இந்த விமர்சனத்தில் துணியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. ஒரு முழத்துக்கு ஒரு செண்டிமீட்டர் என்று கணக்கு வைத்துச் செய்திருக்கிறார்கள். பைபிளின் யாத்திராகமத்தில் பிராகாரம், அதாவது வேலி அடைத்த வெளிமுற்றம், 100 முழ நீளம், 50 முழ அகலம். அப்படியே 100-க்கு 50 செண்டிமீட்டர் பலகை, நாலாக மடிகிறது. கூடாரம் 30-க்கு 10. அதில் 20 பரிசுத்த ஸ்தலம், மிச்சம் 10 மகா பரிசுத்த ஸ்தலம். பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி இரண்டரை செண்டிமீட்டர்தான், சுண்டுவிரல் நுனி மாதிரி இருக்கிறது. பைபிளையும் ஸ்கேலையும் எடுத்துவைத்துக்கொண்டு பிள்ளைகளே அளந்து பார்த்தார்கள், எல்லாம் சரியாக வந்தது. இதற்கே பாதி காசு சரி.

சுவர்ப் பலகைகள் 48 இருக்க வேண்டும்: தெற்கே 20, வடக்கே 20, மேற்கே 6, மூலைகளுக்கு 2. எனக்கு வந்த பெட்டியில் 47. விற்றவருக்கு இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. ஐஸ் குச்சியை நறுக்கி, கோல்டு பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டேன். வாங்கினால் முதலில் எண்ணிப் பாருங்கள்.

இந்த செட்டின் நிஜமான பலம் வேலிதான். படத்தில் காட்டும்போது பிள்ளைகளுக்கு உறைக்காத ஒரு விஷயம், மேஜைமேல் வைத்ததும் உறைத்தது. வேலி சுற்றிலும் ஐந்து முழ உயரம், நம் கணக்கில் ஏழடிக்கு மேல். வெளியே நிற்கிறவன் எட்டிப் பார்க்க முடியாது. வாசல் ஒன்றே ஒன்று, கிழக்கே. ஆனால் அந்த ஒரு வாசல் 20 முழ அகலம், முப்பது அடி வரும். "அவ்வளவு பெருசா? லாரியே போகலாமே டீச்சர்" என்றான் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். போகலாம்தான். நுழைந்ததும் வெண்கலப் பலிபீடம் வழியில் நிற்கும். அதைத் தாண்டினால் கழுவுகிற தொட்டி. சாதாரண ஜனம் பிராகாரத்தோடு சரி. கூடாரத்துக்குள் ஆசாரியர்கள் மட்டும். அதற்கும் உள்ளே, வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆள், பிரதான ஆசாரியன். போகப் போக இடமும் சுருங்குகிறது, ஆளும் குறைகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் விரலால் நடந்து காட்டச் சொன்னேன். எங்கே விரல் நிற்க வேண்டும் என்று அவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

இனி துணிக்கு வருகிறேன். இந்த வழியில் கதவு என்று ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே துணிதான். பிராகார வாசலில் ஒரு தொங்குதிரை, கூடார வாசலில் இன்னொரு தொங்குதிரை, உள்ளே திரைச்சீலை. மூன்றுக்கும் ஒரே நிறங்கள்: இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு. முதல் இரண்டும் சித்திரத் தையல் வேலை. மூன்றாவதுக்கு மட்டும் வேதத்தில் விசித்திர வேலை என்று போட்டிருக்கும். தையல்காரிக்கு இந்த வித்தியாசம் பெரிது. சித்திரத் தையல், ஆன துணியின் மேல் ஊசி போடுவது. விசித்திர வேலையில் உருவம் நெசவிலேயே ஏறியிருக்க வேண்டும், பிரித்து எடுக்க முடியாது. அந்த உருவம்தான் கேருபீன்கள், சிறகுள்ள தேவதூதர்கள். வெளி இரண்டு திரைகளிலும் அவை இல்லை. (இந்த மூன்றுக்கும் வழி, சத்தியம், ஜீவன் என்று பெயர் சொல்லிப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். கூடவே வந்த கையேட்டிலும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, யாத்திராகமத்தில் அப்படி இல்லை.)

ஏன் கேருபீன்கள்? ஆதாமை வெளியே அனுப்பிய பிறகு ஏதேன் தோட்டத்துக்குக் கிழக்கே காவல் வைத்தது அவர்களைத்தான், சுடரொளிப் பட்டயத்தோடு. கூடாரத்துக்கும் கிழக்கேதான் வாசல். கிழக்கிலிருந்து உள்ளே வந்து கடைசித் திரைக்கு முன்னால் நிற்கிறவன் கண்ணில் படுவது அதே காவல்காரர்கள். 'உள்ளே வராதே' என்கிற பலகையை அங்கே துணியில் நெய்து தொங்கவிட்டிருக்கிறார்கள்.

செட்டில் என்ன வந்தது தெரியுமா? பளபள சாட்டின் பாலியெஸ்டரில், பிறந்தநாள் கேக்மேல் ஒட்டுவது மாதிரி, கன்னம் உப்பிய இரண்டு குட்டிப் பாப்பாக்கள், முதுகில் சிறகு. இதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ஒரு சிறுமி "ஸோ க்யூட்" என்று முத்தமே கொடுத்துவிட்டாள்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். பெட்டிமேல் பெரிதாக 'கிழியும் திரை' என்று போட்டிருந்தார்கள். நான் வாங்கியதே அதற்காகத்தான். பிரித்துப் பார்த்தால் திரை நடுவில் ஏற்கெனவே இரண்டாக வெட்டி, வெல்க்ரோ வைத்து ஒட்டியிருக்கிறது. கம்பி நுழைவதற்கு மேல்பக்கம் மடித்துத் தைத்துவிட்டார்கள். ஆகவே அதைக் கீழே பிடித்து மேல்நோக்கித்தான் பிரிக்க முடியும். மேலே ஒரு செண்டிமீட்டர் பிரியவே பிரியாது.

இயேசு சிலுவையில் உயிர்விட்டபோது தேவாலயத் திரை கிழிந்ததை மத்தேயு எப்படி எழுதியிருக்கிறார்? மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும். மாற்குவும் அதையே சொல்கிறார். மனுஷன் கிழித்தால் கைக்கு எட்டுகிற கீழ்முனையிலிருந்து கிழிப்பான். மேலேயிருந்து கிழிந்தது என்றால் கிழித்தவர் யார் என்பது அதிலேயே இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பாடமே. அதைத் தலைகீழாகத் தைத்துவைத்திருக்கிறார்கள். மேல் மடிப்பை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தைத்திருந்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை.

அப்புறம் அந்த வெல்க்ரோ. பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி ஒட்டிவைக்கலாம் என்பது அவர்களுக்கு வசதி. எபிரெயர் 10-ஆம் அதிகாரமோ அந்தத் திரையை இயேசுவின் மாம்சம் என்கிறது. சரீரம் கிழிந்தால்தான் வழி திறந்தது என்பதை வெல்க்ரோவில் எப்படிக் காட்டுவது?

பிரதான ஆசாரியன் பொம்மையிலும் ஒரு தப்பு. ஏபோத்து என்கிற மேலுடுப்பும் 12 கல் பதித்த மார்ப்பதக்கமும் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் கழற்ற முடியாதபடி ஒட்டியிருக்கிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாளான பாவநிவாரண நாளில் அவர் அந்த அலங்காரத்தோடு திரைக்குள் போகமாட்டார். லேவியராகமம் 16-ஐப் பாருங்கள், வெறும் சணல்நூல் உடுப்பு. (சணல் என்றதும் பிள்ளைகள் "சாக்கா டீச்சர்?" என்று சிரித்தார்கள். நம் லினன் துணிதான் அது என்று கடையிலிருந்து ஒரு துண்டு கொண்டுபோய்க் காட்ட வேண்டியதாயிற்று.) காலில் ஒரு கயிறு வேறு கட்டியிருக்கிறது, உள்ளே செத்துவிட்டால் இழுக்கவாம். பைபிளில் அந்தக் கயிறு எங்கும் இல்லை. பல நூற்றாண்டு கழித்து எழுந்த கதை. நான் வெட்டிவிட்டேன்.

கையேடு சுமார்தான். கிழிந்தது மோசேயின் கூடாரத் திரை மாதிரியே எழுதியிருக்கிறார்கள். கிழிந்தது எருசலேம் தேவாலயத் திரை, ஏரோது கட்டிப் பெரிதாக்கிய ஆலயம். அப்போது உள்ளே உடன்படிக்கைப் பெட்டியே கிடையாது. இரண்டு பக்கமும் குதிரை கட்டி இழுத்தாலும் கிழியாத திரை என்றும் போட்டிருக்கிறது. அது பிரசங்கத்தில் ஓடுகிற கதை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருப்பது வேறு: 40 முழ நீளம், 20 முழ அகலம், ஒரு கை அகலத் தடிப்பு, நனைத்து எடுக்க 300 ஆசாரியர்கள். அந்த 300 மிகைதான் என்று அவர்களுடைய போதகர்களே பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஈரத் துணியின் கனம் தெரிந்தவள் நான், படிக்கும்போதே தோள் வலித்தது.

சரி, கடைசியில் என்ன செய்தேன்? ஜவுளிக் கடையில் பாப்ளின் எப்படிக் கிழிப்பார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் இரண்டு கையாலும் ஒரே இழுப்பு, நூல் பிடித்து நேராகப் போகும். சாட்டின் திரையைக் கழற்றிவிட்டு, அரை மீட்டர் வெள்ளைப் பாப்ளினில் பத்துக்குப் பத்தாக ஐந்து திரை வெட்டினேன். நூல் மேலிருந்து கீழாக நேராக ஓடும்படி வெட்ட வேண்டும், சாய்வாக வைத்தால் கிழிசலும் சாய்ந்து கோணிப்போகும். மூன்று நிறமும் பேப்ரிக் பெயின்ட். கேருபீன்களை மூத்த வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்தாள், முறைத்த கண்ணும் பட்டயமுமாக. நெசவு இல்லை, வேறு வழியில்லை. மேல் மடிப்பை இரண்டாகத் தைத்து, நடு ஓரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு வெட்டு.

குருத்தோலை ஞாயிறன்று 14 பிள்ளைகளும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஐந்து வாரமாகத் திரைக்குப் பின்னால் கைவைக்கக்கூடாது என்பது சட்டம். மேலே பிடித்து இழுத்தேன். பத்து செண்டிமீட்டர் துணிதான், ஆனாலும் அந்தச் சின்ன அறையில் டர்ரென்று சத்தம் கேட்டது. ஒரு விநாடி யாரும் பேசவில்லை. அடுத்த விநாடி 14 கையும் உள்ளே. உடன்படிக்கைப் பெட்டியின் தண்டு ஒன்று ஒடிந்துபோயிற்று. இப்போது அந்த இடத்தில் ஒரு ஈர்க்குச்சி செருகியிருக்கிறேன்.

அளவுக்கும் வேலிக்கும் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு மூன்று. திரையை மட்டும் தெரிந்த டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். தையல் கூலி இல்லாமல் எனக்கு ஆன செலவு 60 ரூபாய். மிச்சம் நாலு திரை இருக்கிறது, நாலு வருஷத்துக்கு வரும்.