கலங்கல் தண்ணீருக்கு எந்த லைட்டு?

டெக்சாஸில் இருக்கும் தங்கச்சி மகனுக்கு வில், அம்பு வைத்து மீன் அடிக்கிற பழக்கம் தொற்றியிருக்கிறது. இரவில்தான் போவார்களாம். தட்டையான அலுமினியப் படகு, முன்பக்கம் ஏறி நிற்க ஒரு மேடை, அதைச் சுற்றி விளக்குகள். அம்பு நுனியில் முள், பின்னால் நூல். குத்தியதும் சுருட்டி இழுக்க வேண்டியதுதான். "மாமா, நம்ம கண்மாய்த் தண்ணி மாதிரியே இங்கயும் கலங்கிக் கெடக்கு. சோடியம் லைட்டு வாங்கவா, எல்இடி வாங்கவா?" என்று கேட்டான். தேவகோட்டைப் பக்கம் லைட்டு செட்டு வாடகைக்கு விடுகிறவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா?

ஐப்பசி மழை முடிந்து கண்மாய் செம்மண் நிறத்தில் நிறைந்து கிடந்த நேரம். மீன் குத்தகை எடுத்தவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ராத்திரி கண்மாயில் வெளிச்சம் தெரிந்தால் திருட்டு வலை என்றுதான் நினைப்பார்கள். லாரி டியூப் நாலைக் கட்டி மேலே பலகை போட்ட தெப்பம்தான் நமக்குப் படகு. அப்பத்தாவின் பழைய வெள்ளை எனாமல் தட்டில் கல்லைக் கட்டிக் கயிற்றில் இறக்கி, எந்த விளக்கில் எவ்வளவு ஆழம் வரை தட்டு தெரிகிறது என்று பார்த்தோம்.

முதலில் பளீர் வெள்ளை எல்இடி. 6000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்குமே, அது. (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறக் கணக்கு; எண் குறையக் குறைய மஞ்சள்.) ஏற்றியதும் கண்மாயே பகலாகிவிட்டது, ஆனால் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பால் ஊற்றியது போல ஒரு வெள்ளைப் படலம். மார்கழிப் பனியில் திருச்சி ரோட்டில் ஹைபீம் போட்டால் எதிரே சுவர் எழும்புமே, அதே கதைதான். மிதக்கிற மண் துகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. வாட்டைக் கூட்டினால் மீனை விடக் கலங்கல்தான் நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு ஈசல். கால் மணி நேரத்தில் தெப்பத்தில் நிற்க முடியவில்லை.

அடுத்து சோடியம். தெருவிளக்கெல்லாம் எல்இடி ஆன பிறகு பழைய இரும்புக் கடையில் சீந்துவாரின்றிக் கிடக்கிற அதே மஞ்சள் விளக்கு. அமெரிக்காவில் அம்பு மீன்பிடிப் படகுகளில் வெகுநாள் இதுதான் ராஜா. 150 வாட் பல்பு ஒன்று சுமார் 15,000 லூமன் வெளிச்சம் தரும். நிறம் 2000 கெல்வினை ஒட்டி நல்ல மஞ்சள். கண் கூசவில்லை. தட்டும் வெள்ளை எல்இடியில் தெரிந்ததை விடக் கொஞ்சம் ஆழம் வரை தெரிந்தது. பூச்சியும் குறைவு.

ஆனால் இதோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். சோக்கு வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். ஏற்றினால் முழு வெளிச்சம் வர மூன்று நான்கு நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் ஒரு முறை வெட்டினால் பல்பு ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும். ஆறு விளக்கு என்றால் சோக்கையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1000 வாட்; அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் பேச்சே கேட்காது. இன்னொன்று, சோடியம் வெளிச்சத்தில் நிறம் தெரியாது, எல்லாமே பழுப்பு நிழல். டெக்சாஸில் கெண்டையை அடிக்கலாம், அங்கே தூண்டில்காரர்கள் விரும்புகிற பாஸ் மீனை அம்பால் அடிக்கக் கூடாது. அம்பு பட்ட மீனைத் திருப்பி விடவும் முடியாது. எது என்ன மீன் என்று தெரியாமல் நாணை விட்டால் வம்பு. (நாம் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிற சாதாக் கெண்டை அங்கே வேண்டாத மீன். கேட்டபோது எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.)

ஹாலஜனைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். நிறம் நன்றாக இருக்கும், ஆனால் தின்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் விரிசல் விடும்.

கடைசியாக 3000 கெல்வின் மஞ்சள் எல்இடி. தட்டு தெரிந்த ஆழத்தில் சோடியத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மஞ்சள் வெளிச்சம் கலங்கலைத் துளைக்கும் என்பார்கள். அது பாதி உண்மை. இலை தழை ஊறிய டீ நிறத் தண்ணீர் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும், அதனால் நீலம் குறைந்த விளக்குக்கு அங்கே லாபம். வெறும் களிமண் கலங்கலில் துகள் பெரிது; அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அங்கே மஞ்சளால் கிடைப்பது பெரும்பாலும் கூச்சக் குறைவு மட்டுமே.

அன்றைக்கு ராத்திரி எனக்கு உறைத்தது வேறு. முதலில் பார்த்த அதே வெள்ளை எல்இடியைத் தலைக்கு மேலிருந்து இறக்கி, தெப்ப விளிம்பில், முழங்காலுக்கும் கீழே கட்டினேன். சோடியம் காட்டிய ஆழத்தையும் தாண்டித் தட்டு தெரிந்தது! கண்ணும் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சிதறுகிற வெளிச்சம் நேராகக் கண்ணுக்கு வரும். விலக்கி வைத்தால் குறையும். அப்படிப் பார்த்தால் கலங்கல் தண்ணீருக்கு நெற்றி லைட்டு மாதிரி கெடுதல் வேறில்லை. அதே சமயம் விளக்கை ஒரேயடியாகப் படுக்க வைத்தாலும் வெளிச்சம் தண்ணீர் மேல் வழுக்கிப் போய்விடும், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். மேல்பக்கம் தகரத்தில் ஒரு மறைப்பு, உள்புறம் கறுப்புப் பெயின்ட். மேடையில் நிற்கிறவன் கண்ணில் ஒரு கீற்றுகூடப் படக் கூடாது.

பேட்டரி கணக்கையும் சொல்லிவிட்டேன். 12 வோல்டில் 50 வாட் விளக்கு நாலு ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். ஆறு விளக்குக்கு 25 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும், ஆக இரண்டு மணி நேரம்தான். விடியும் வரை சுற்றுகிறவன் லித்தியம் வாங்கட்டும். விளக்கு வாங்கியதும், வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நான் ஒரு கடையில் '50 வாட்' என்று வாங்கியது இரண்டரை ஆம்பியர்தான் இழுத்தது. அது 30 வாட்! கேட்டால் "எல்லாம் அப்படித்தான் அண்ணே" என்கிறார்கள்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: சுற்றிலும் தாழ்வாக ஆறு மஞ்சள் எல்இடி (கூச்சம் குறையும்), ஸ்பாட் வேண்டாம், அகலமாக விரிகிற கண்ணாடி, தண்ணீர் புகாத ஐபி67 ரகம். கூட முன்னால் ஒரே ஒரு வெள்ளை, தனி சுவிட்சில். மீனை அடையாளம் பார்க்க மட்டும். ஏற்கெனவே ஜெனரேட்டரும் சோடியமும் உள்ள படகு மலிவாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புதிதாகப் பொருத்த அது தோதில்லை. அப்புறம், எந்த விளக்கு போட்டாலும் மீன் இருக்கிற இடத்தை விட மேலேதான் தெரியும், அதனால் தெரிகிற இடத்துக்குக் கீழே குறி வைக்கச் சொன்னேன். "அது மொதல் நாளே தெரியும் மாமா, பத்து அம்பு வீணாப் போச்சு" என்றான்.

எனாமல் தட்டு கயிறு நழுவிக் கண்மாய்க்குள் போய்விட்டது. கோடையில் தண்ணீர் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடிக்கும்போது யார் ஊத்தாக் கூடையிலாவது அகப்பட்டால்தான் உண்டு. அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.